கொசுறுத் துறை

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி 'அம்பாரம்' என்ற பேரங்காடி திறக்கப்பட்ட அன்று பூந்தமல்லியில் மூன்று கல்யாணங்களுக்கு ஆள் வரவில்லை. நான்காவது கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது அபாண்டம். மாப்பிள்ளை வந்தார், தாலி கட்டினார், கட்டிய கையோடு பெண்ணையும் கூட்டிக்கொண்டு அம்பாரத்துக்குப் போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான்.

கடை பெரியது. உப்புப் பிரிவுக்குப் போனவர்கள் சோப்புப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் பசி எடுத்ததால் நடுவில் ஒரு சிற்றுண்டிக் கடை வைக்க வேண்டியதாயிற்று. ஏசி அப்படி ஒரு ஏசி. கத்திரி வெயிலில் சேக்காட்டிலிருந்தும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, டிவி விற்கும் இடத்தில் உட்கார்ந்து, தொடர் முடிந்ததும் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாகனம் நிறுத்துகிற இடத்தில் விசில் ஊதுகிறவர் கன்னியப்பன். அந்த நிலமே ஒரு காலத்தில் அவருடையதுதான். நிலத்தை வாங்கியவர்கள் அவரை அங்கேயே வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். "நைனா, காரக் கொஞ்சம் தள்ளிப் போடு, அங்க கெணறு கீது" என்பார். கிணற்றை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் சொல்கிற தோரணையில் ஓட்டுகிறவர்கள் பதறிப்போய்த் தள்ளி நிறுத்துவார்கள்.

இந்தக் கடையால் மஸூத் பாய்க்கு வந்த கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பூந்தமல்லி கடைத்தெருவில், மெட்ரோ தூண் ஒன்றின் நிழலில், 'மஸூத் காய்கறி' என்று ஒரு சின்னக் கடை. மனைவி ரைஹானாவின் நகையை விற்று வைத்த கடை. பலகையில் மட்டும் கணவர் பெயர். கோயம்பேட்டில் மஸூத் மூட்டையாக வாங்குகிற விலையைவிடக் குறைவாக அம்பாரத்தில் வெங்காயத்தைச் சில்லறையில் விற்றார்கள். மஸூத் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே அம்பாரத்தில் வரிசையில் நின்று வெங்காயம் வாங்கி வந்து கடையில் வைத்தார். அதற்கும் ஆளுக்கு இரண்டு கிலோதான் என்று சொல்லிவிட்டார்கள். வெங்காயம் போயிற்று, பிறகு உருளை, பிறகு தக்காளி. நோன்புப் பெருநாளுக்குள் நிலைமை சரியாகாவிட்டால் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள்.

ஆனால் அம்பாரத்துக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. வெங்காயம், உருளை, தக்காளி போக மற்ற காய்கறிகள் அங்கே போணியாகவில்லை. பெண்கள் தள்ளுவண்டி நிறையச் சாமான் எடுப்பார்கள், கத்தரிக்காயைத் தொட்டுப் பார்ப்பார்கள், அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காரணம் கண்டுபிடிக்க குருகிராம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் கையில் கணினிப் பலகையோடு வாசலில் நின்று போகிற வருகிறவர்களை மறித்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகும் வசந்தா மாட்டினாள்.

"மேடம், எங்க காய்கறிப் பிரிவுல என்ன குறை?"

"கொறை ஒண்ணும் இல்ல. பளபளன்னுதான் கீது. கத்தரிக்காய்க்குக் கூட மேக்கப் போட்டு வெச்சிகிறீங்க."

"அப்புறம் ஏன் வாங்கலை?"

"கொசுறு எங்க?"

ஆய்வாளர் பலகையில் தேடினார். "அது எந்த பிராண்டு மேடம்?"

வசந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொசுறுன்னா கொசுறுதான். கால் கிலோ கத்தரிக்கா வாங்கினா கையோட நாலு கொத்தமல்லி, ரெண்டு கறிவேப்பில, ஒரு பச்சமொளகா போடணும். அத்தக் காசு குடுத்து வாங்கினா கொழம்பு எறங்குமா?"

இதே பதிலை ஊர் முழுக்கச் சொன்னார்கள். குருகிராமில் எழுநூறு பக்கத்தில் அறிக்கை தயாரானது. அதில் கொசுறுக்குத் தரப்பட்ட விளக்கம்: 'கொள்முதல் நிறைவுற்ற பின்னர் வாடிக்கையாளர் மேற்கொள்ளும் கட்டணமற்ற, உணர்வு சார்ந்த, கூடுதல் எதிர்பார்ப்பு.' அம்பாரத்தின் மண்டலத் தலைவர் ஹேமநாதன் அதைப் படித்துவிட்டு ஊழியர்களைக் கூட்டினார்.

"நண்பர்களே, நாற்பது வகைச் சீஸ் வைத்திருக்கிறோம். இவர்கள் நாலு கொத்தமல்லித் தழைக்காக நம்மை விட்டுப் போகிறார்கள். தவறு நம்முடையதுதான். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று இதுவரை நாம் கேட்டதே இல்லை. இப்போது கேட்டுவிட்டோம். இனிமேல் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. முதலில் நிறுத்துகிறவர்களை ஹேமநாதன் கவனிப்பார் என்று ஒரு பேச்சு உண்டு.

ஊரிலேயே சிறந்த கொசுறு எந்தக் கடையில் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: மஸூத் பாய் கடை. ஹேமநாதன் உடனே காரை எடுக்கச் சொன்னார்.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. மஸூத் நல்ல மனிதர். பொய் சொல்லமாட்டார், எடையில் ஏமாற்றமாட்டார். ஆனால் எடைக்கு மேல் ஒரு தழையையும் வெளியே விடமாட்டார். தராசில் கொஞ்சம் கூடிவிட்டால் வெண்டைக்காயைக் கிள்ளி மிச்சத்தைத் திரும்ப எடுத்து வைக்கிற கை அது. கொசுறு கேட்டால், கொத்தமல்லிக் கட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே "இல்ல" என்பார். இன்னொரு முறை கேட்டால், "கட்டுப்படி ஆவாதும்மா" என்பார். மூன்றாவது முறை கேட்டால் வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் எதிர்க்கடைக் காலண்டர் தாள் ஒன்று புரளும்.

கொசுறு கொடுப்பவள் ரைஹானா. சாயங்காலம் அவள் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். 'மஸூத் பாய் கடை' என்று ஊர் சொன்னது அந்தச் சாயங்காலத்தைத்தான்.

ஹேமநாதன் வந்தது காலையில்.

"மிஸ்டர் மஸூத், உங்களை எங்க கொசுறுத் துறைத் தலைவரா நியமிக்க விரும்புறோம்."

மஸூத் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைதான் இருந்தது. மூட்டைக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த ரைஹானா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னையா? சார், யாரோ உங்கள வெச்சுக் காமெடி பண்ணிகிறாங்க."

"இல்லை. ஆய்வு பொய் சொல்லாது. எழுநூறு பக்கம்."

"உண்மைய சொல்லிடறேன் சார். எனக்குக் குடுக்கற பழக்கமே கெடையாது."

ஹேமநாதன் உருகிப்போய்ப் பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் சொன்னார்: "இந்தப் பணிவு இருக்கே, இதையும் பயிற்சியில சேர்த்துடுங்க."

மஸூத் மனைவியிடம் ஓடினார். "ரைஹானா, நீயாவது சொல்லு. கொசுறு குடுக்கறவ நீ. நான் போனா அது ஹராம் சம்பளம்."

"நீங்க உண்மையத்தானே சொன்னீங்க? அவுங்க கேக்கலன்னா நம்ம இன்னா பண்றது? மாசம் பொறந்தா சம்பளம் வரும், கடை பொழைக்கும். போய்ட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்க தாராள மனசக் கண்டுபிடிக்கறதுக்கு டெல்லிலேருந்து ஆளு வரணும்னு இருந்திகீது, பாருங்க."

ஒப்பந்தம் தடியாக இருந்தது. சம்பளம் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் மஸூத் படித்தார். மற்ற பக்கங்களில் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி வகுப்பு நடத்தியவர் கிருஷ்ணப்பிரியா என்ற இளம் மேலாளர். எதிரே முப்பது ஊழியர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்பாரத்தில் நாற்காலி உண்டு, விற்பனைக்கு. மஸூத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் சட்டை, கழுத்தில் அட்டை. நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு கொத்தமல்லிக் கட்டு, நான்கு பக்கமும் கேமரா.

"பாய், நான்தான் வாடிக்கையாளர். கொசுறு கேக்குறேன். நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

"இல்லம்பேன்."

முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"சூப்பர். அடுத்து?"

"கட்டுப்படி ஆவாதும்பேன்."

"அடுத்து?"

"மேல பாத்து ஒரு மூச்சு விடுவேன்."

"விட்டுக் காட்டுங்க."

மஸூத் விட்டார். கொத்தமல்லிக் கட்டு மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. கிருஷ்ணப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுல எவ்வளவு வலி, எவ்வளவு உண்மை! சரி பாய், அடுத்து? எப்பக் குடுப்பீங்க?"

மஸூத் நெளிந்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "குடுக்கறது… அது சாயங்காலம் நடக்கும்மா."

கிருஷ்ணப்பிரியா வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினார்: 'காத்திருப்பே மதிப்பு.' அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

அப்படியாகக் கொசுறுத் துறை பிறந்தது. முப்பது பேருக்கும் பதவிப் பெயர் கொடுக்கப்பட்டது: பத்து மறுப்பாளர்கள், பத்து கட்டுப்படியாளர்கள், பத்து பெருமூச்சாளர்கள். திறப்பு விழாவில் நாகஸ்வரம், செண்டை, டிரோன் எல்லாம் இருந்தன. ஹேமநாதன் குத்துவிளக்கேற்றிவிட்டுப் பேசினார்.

"சிறு கடைக்காரர்களை நாம் அழிக்கிறோம் என்று சிலர் எழுதுகிறார்கள். மனம் வலிக்கிறது. சிறு கடைக்காரர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்கள்தான் நம் ஆராய்ச்சிப் பிரிவு. தலைமுறை தலைமுறையாகச் சம்பளமே வாங்காமல் நமக்காக ஆராய்ச்சி செய்து வைத்திருக்கிறார்கள். அதேபோல ஊழியர்கள் நம் குடும்பம். குடும்பத்தில் யாராவது ஓவர்டைம் கேட்பார்களா? உட்கார இடம் கேட்பார்களா? சொல்லுங்கள்."

நின்றுகொண்டிருந்த குடும்பம் கைதட்டியது.

முதல் வாடிக்கையாளராக வசந்தா ஆசை ஆசையாகப் போனாள். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாள். ரசீதைக் காட்டினாள். செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள், இறக்கினாள். ஓடிபி வந்தது, சொன்னாள். டோக்கன் கொடுத்தார்கள். முதல் கவுன்டரில் ஒரு மறுப்பாளர் புன்னகையோடு "இல்லை" என்றார். இரண்டாவது கவுன்டரில் ஒரு கட்டுப்படியாளர் "கட்டுப்படி ஆகாதுக்கா" என்றார். மூன்றாவது கவுன்டரில் ஒரு பெண் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நான்காவது கவுன்டரில் 'விரைவில்' என்ற பலகை தொங்கியது.

"இன்னாம்மா இது? குடுக்கறவன் எங்க?"

"அந்தப் பாடம் இன்னும் எடுக்கலக்கா. காத்திருப்பே மதிப்பு" என்றாள் பெருமூச்சாளப் பெண்.

"இல்லன்னு சொல்றதுக்கு மூணு ஆளு, சம்பளம், யூனிஃபார்மு. குடுக்கறதுக்கு ஒரு நாதி இல்ல. நீங்கல்லாம் நல்லா வருவீங்க." வசந்தா தூரத்தில் நின்ற மஸூத்தைப் பார்த்துவிட்டாள். "அட, பாய்! நீதான் இதுங்களுக்கு வாத்தியாரா? அதான பாத்தேன். உன் கையெழுத்து எல்லா கவுன்டர்லயும் தெரியுது!"

மஸூத் தக்காளி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

புகார்கள் போனதும் நான்காவது கவுன்டரும் திறக்கப்பட்டது. ஒரு கொத்தமல்லித் தழை, பிளாஸ்டிக் டப்பாவுக்குள், தழையைவிடப் பெரிய பார்கோடு ஒட்டி. ஒவ்வொரு தழைக்கும் குருகிராமிலிருந்து ஒப்புதல் வர வேண்டும். அங்கே சாப்பாட்டு வேளை என்றால் இங்கே தழை வாடும். வாடிய தழையைக் கொடுக்கக் கூடாது என்று தரக்கட்டுப்பாட்டில் விதி இருந்ததால், மறுபடி முதல் கவுன்டருக்கு அனுப்புவார்கள்.

பெருமூச்சாளர்கள் பாடுதான் பெரும் பாடு. மணிக்கு இத்தனை பெருமூச்சு என்று இலக்கு வைத்தார்கள். சனி, ஞாயிறுகளில் இரட்டிப்பு. ஒரு பையன் தொடர்ந்து விட்டதில் தலை சுற்றி விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் "மூச்சை இழுத்து விடு" என்றதும் கையெடுத்துக் கும்பிட்டானாம்.

மதிய வேளைகளில் மஸூத் வெளியே வந்து கன்னியப்பனோடு சாப்பிடுவார்.

"எனக்கு ஒண்ணும் புரியல அண்ணாத்தே. நான் செய்யறது தப்புன்னு என் சம்சாரம் இருவது வருசமா திட்டறா. இங்க இன்னாடான்னா அதுக்குக் குத்துவெளக்கு ஏத்தறாங்க."

"நீ இன்னா பாய், நெலத்த விக்கும்போது கொசுறா ஒரே ஒரு தென்னமரம் வெச்சிக்கறேன்னு இவுங்களக் கேட்டேன். இல்லன்னாங்க. பெருமூச்சு கூட வுடல. இப்ப உன்னால அதையாவது கத்துக்கினாங்க, போ" என்றார் கன்னியப்பன்.

மூன்று மாதம் ஆயிற்று. கத்தரிக்காய் விற்பனை ஏறவில்லை. ஹேமநாதன் மறுபடி கூட்டம் போட்டார். "நண்பர்களே, கொசுறுத் துறை மாபெரும் வெற்றி. அதனால் அதை மூடுகிறோம். பெருமூச்சு விட மனிதன் எதற்கு? அவனுக்கு மூச்சு வாங்குகிறது."

மஸூத்தின் குரலும் மூச்சும் ஏற்கெனவே நான்கு கேமராக்களில் பதிவாகியிருந்தன. அவற்றை வைத்து ஓர் இயந்திரம் செய்தார்கள். ரசீதை நுழைத்தால் மஸூத்தின் குரலில் "இல்ல" என்னும். மறுபடி நுழைத்தால் "கட்டுப்படி ஆவாதும்மா" என்னும். மூன்றாவது முறை, உள்ளே இருக்கும் மின்விசிறி சுழன்று முகத்தில் ஒரு பெருமூச்சு அடிக்கும். முப்பது பேரையும் அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் அசல் பெருமூச்சு விட்டார்கள். எண்ணிக்கையில் சேர்க்க ஆளில்லை. மஸூத்தையும் அனுப்பினார்கள். நினைவுப் பரிசாக ஒரு டப்பா கொத்தமல்லி, பார்கோடு ஒட்டி.

மஸூத் கடைக்கு வந்து சேர்வதற்குள் அம்பாரத்தின் வக்கீல்கள் இரண்டு பேர் அங்கே வந்து நின்றிருந்தார்கள்.

"மிஸ்டர் மஸூத், நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 'இல்லை', 'கட்டுப்படி ஆகாது' ஆகிய சொற்களும், வானத்தைப் பார்த்து விடற பெருமூச்சும் இப்ப அம்பாரத்தோட சொத்து. காய்கறி விக்கிற எந்த இடத்துலயும் நீங்க அதப் பயன்படுத்தக் கூடாது. மீறினா இந்தக் கடையே ஜப்தி ஆகும்."

"சார், அது என் வாயி சார்."

"வாய் உங்களுது. அதுல நாங்க உரிமை கேக்கல."

"மேல பாத்து மூச்சு வுடக் கூடாதா?"

மூத்த வக்கீல் யோசித்தார். "மேல பாக்கலாம். மூச்சும் விடலாம். ரெண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது."

வக்கீல்கள் போன பிறகு ரைஹானா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. "சம்பளமும் போச்சு. இப்ப நீங்க வாயத் தொறந்தா கடையும் போயிடும். யா அல்லாஹ், பேசாம நாளைக்கே சாவியக் குடுத்துடலாமா?"

"நான் பேச மாட்டேன்" என்றார் மஸூத்.

"நீங்களா? கேட்டா வாய் தானா சொல்லுமே. இருவது வருசப் பழக்கம்."

மறுநாள் காலை மஸூத் கடையைத் திறந்தார். எதிரே ஜூஸ் கடை வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட கண்காணிப்பாளர் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலைக்குப் போகிற வழியில் வசந்தா வந்தாள். வேண்டுமென்றேதான் வந்தாள், விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"பாய், அரைக் கிலோ அவரக்கா. அப்டியே கொஞ்சம் கொத்தமல்லி?"

மஸூத்தின் உதடு பிரிந்தது. எதிரே கைப்பேசி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. உதடு மூடிக்கொண்டது.

"இன்னா பாய், கேக்கறேன்ல. கொத்தமல்லி?"

கழுத்தில் நரம்பு புடைத்தது. முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. தலை மெல்ல வானத்தை நோக்கித் திரும்பியது. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதன் இல்லை என்றும் சொல்ல முடியாமல், பெருமூச்சும் விட முடியாமல், ஒரு பெண்ணின் எதிரே எவ்வளவு நேரம்தான் நிற்பான்? கை தானாகப் போயிற்று. கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு பிடியை உருவி வசந்தாவின் பையில் போட்டது. போட்டுவிட்டு வந்த கையை மஸூத் வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார்.

வசந்தா அந்தப் பிடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "பாய்… ரெண்டு பச்சமொளகா?" என்றாள்.

கை மறுபடி போயிற்று.

அன்று அம்பத்தூர் கம்பெனியில் தையல் மெஷின்கள் கொஞ்ச நேரம் நின்றதாகக் கேள்வி. செய்தி மதியத்துக்குள் ஆவடி தாண்டிப் போய்விட்டது: பூந்தமல்லியில் ஒரு காய்கறிக்காரர், எதைக் கேட்டாலும் மறுக்க முடியாது, கம்பெனியே சட்டம் போட்டு வைத்திருக்கிறது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் கொசுறுக்காகக் கால் கிலோ வாங்க வந்து, வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு கிலோ வாங்கினார்கள். ஒருத்தி துணிந்து முருங்கைக்காய் கேட்டாள், கிடைத்தது. இன்னொருத்தி பூசணிக்காயைக் காட்டியபோது ரைஹானா குறுக்கே பாய்ந்து, "பூசணி கொசுறுல வராதுக்கா, வேணும்னா ஒரு கீத்து தரேன்" என்று பேசி முடித்தாள். அவள் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இப்படி ஒருவர் கொடுக்க, ஒருவர் நிறுத்த, வெங்காயமும் உருளையும் கூடக் கடைக்குத் திரும்பி வந்தன. பெருநாளைக்கு முன்பே கட்டடக்காரரிடம் ரைஹானா பக்கத்துக் கடையும் காலியாகுமா என்று விசாரித்தாள்.

மஸூத் மட்டும் இளைத்துப் போனார். ராத்திரி தூக்கத்தில் "இல்ல, இல்ல" என்று முனகுவார். படுக்கையறையில் காய்கறி விற்பதில்லை என்பதால் அது சட்டப்படி செல்லும்.

அம்பாரத்தில் இயந்திரத்தின் பக்கம் ஆளே போகவில்லை. ஒருநாள் பொழுது போகாமல் கன்னியப்பன் போய், "பாய், நல்லாகீறியா?" என்று கேட்டாராம். கட்டுப்படி ஆகாது என்றதாம் அது.

கடைசியில் ஒருநாள் காலை ஹேமநாதனே கடைக்கு வந்தார். வரிசை மெட்ரோ தூணைச் சுற்றி வளைந்து நின்றது. முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தவர் கையில் ஒரு தாள்.

"மிஸ்டர் மஸூத், தலைமை அலுவலகம் மறுபரிசீலனை செய்திருக்கு. உங்க வார்த்தைகளை உங்களுக்கே திருப்பித் தர்றோம். பெருமூச்சையும் சேர்த்து. இலவசமா! இன்னிக்கே, இப்பவே நீங்க எல்லாருக்கும் இல்லைன்னு சொல்லலாம்." பிறகு கெஞ்சலாகச் சொன்னார்: "சொல்லுங்க சார். தயவுசெய்து சொல்லுங்க."

மஸூத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. கையைத் தாளை நோக்கி நீட்டினார். அந்தக் கையின் மேல் ரைஹானாவின் கை வந்து விழுந்தது.

"வேணாம் சார். எடுத்துட்டுப் போங்க."

"அம்மா, உங்க கணவரோட சொத்தைத்தான் தர்றோம்!"

"தெரியும் சார். நிக்காஹ் ஆன நாள்லேருந்து அந்தச் சொத்தோடதான் குடும்பம் நடத்தறேன். எங்க அத்தா சொல்லிப் பாத்தாரு, ஜமாஅத்ல சொல்லிப் பாத்தாங்க, ஒருத்தராலயும் ஆவல. நீங்க ஒரே காகிதத்துல அடக்கிட்டீங்க. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். அத்த நீங்களே பத்திரமா வெச்சிக்கங்க."

மஸூத் மனைவியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வாயைத் திறந்தார். எதிரே கண்காணிப்பாளர் பழக்கதோஷத்தில் கைப்பேசியைத் தூக்கினார். மஸூத் வாயை மூடிக்கொண்டார்.

ஹேமநாதன் தாளை மடித்துப் பையில் வைத்தார். கிளம்புவது போலத் திரும்பியவர் நின்றார். கத்தரிக்காயைப் பார்த்தார். அம்பாரத்தில் உள்ளது போலப் பளபளப்பு இல்லை. ஆனால் காம்பு பச்சையாக இருந்தது.

"வீட்ல வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார் மெதுவாக. "அரைக் கிலோ."

மஸூத் நிறுத்துப் போட்டார். வாங்கிக்கொண்ட பிறகும் ஹேமநாதன் நகரவில்லை. பையின் வாய் திறந்தே இருந்தது. மஸூத் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பிடி கொத்தமல்லியை உருவிப் போட்டார். ஹேமநாதன் பைக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு துண்டு இஞ்சி…"

"யோவ்!" பின்னாலிருந்து வசந்தா கத்தினாள். "எஸ்டேட் பஸ்ஸு போவுது! கெடைச்சத எடுத்துக்கினு நவுருய்யா!"

மண்டலத் தலைவர் நகர்ந்தார். இஞ்சியை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.